புண்ணுக்கு ஹைட்ரோஜெல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. பல்பகுதியங்களை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, வைத்து ஜெல் செய்து பார்ப்பது என் வேலை. "புண்ணுக்குப் போடுகிற ஜெல்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், கலியாண வீடானாலும் பஸ் தரிப்பிடமானாலும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகின்றன. அதனால் மேலிருந்து வாசிப்பது நல்லது. உங்கள் புண்ணைக் கண்ணால் பார்த்த டொக்டரோ தாதியோ வேறு மாதிரிச் சொன்னால் அவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஹைட்ரோஜெல் எண்டா என்ன? சும்மா ஜெல்லிதானே?

ஜெல்லிதான், ஆனால் சும்மா இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு காலத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றித் துண்டு போடுகிற கடற்பாசியும் ஒரு ஹைட்ரோஜெல்தான். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஆனாலும் தட்டைச் சரித்தால் ஓடாது. பாசியில் உள்ள நீண்ட மூலக்கூறுகள் முடிச்சு முடிச்சாகப் பிணைந்து, மீன்வலை மாதிரி விரிந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த முடிச்சுகளைக் குறுக்கிணைப்பு என்பார்கள். அது குறைந்தால் ஜெல் குழைந்து வழியும். கூடினால் இறுகிப்போய் நீரைக் குறைவாகவே ஏற்கும். ஜெல் செய்கிறவர்களின் பாதி வாழ்க்கை இந்த முடிச்சுகளோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

மருத்துவத் தேவைக்கென்றே ஹைட்ரோஜெல்லை முன்வைத்த பெயர்பெற்ற ஆய்வு, 1960இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லேயும் ட்ரகோஸ்லாவ் லிம்மும் வெளியிட்டது. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்து வந்ததுதான். அந்த லென்ஸில் நீர் சுமார் 38 சதவீதம். புண்ணில் வைக்கும் ஜெல்லில் பெரும்பாலும் 70 முதல் 95 சதவீதம் வரை இருக்கும்.

புண்ணைக் காயவிடச் சொல்லித்தானே எங்கட அம்மம்மா காலத்தில இருந்து சொல்லுறாங்க? நீங்க ஈரமா வைக்கச் சொல்லுறீங்க?

1962இல் லண்டனைச் சேர்ந்த ஜோர்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார், சிலவற்றைப் பொலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடிவந்தது. காய்ந்த புண்ணில் பொருக்குக் கட்டும். புதிய தோற்கலங்கள் அந்தப் பொருக்கைத் துளைத்துப் போக முடியாமல், அதற்குக் கீழே ஈரமான இடம் தேடி இறங்கி ஊர வேண்டும். ஈரம் இருந்தால் மேற்பரப்பிலேயே ஊர்ந்து போய்விடும்.

ஆனால் அம்மம்மா சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சுத்தமான துணியும் சுத்தமான தண்ணீரும் கிடைக்காத காலத்தில், அழுக்கு ஈரத்தை விடக் காய்ந்த பொருக்குப் பாதுகாப்பு. இங்கே சொல்வது சுத்தமான, அளவான ஈரம். அந்த "அளவான" என்ற சொல்லில்தான் இந்தத் துறை முழுக்க நிற்கிறது.

பாமசியில கேட்டா டியூப் ஒண்டும் தகடு ஒண்டும் காட்டுறாங்க. எது நல்லம்?

குழிவிழுந்த புண்ணுக்கு டியூப். அது வழிந்து குழியை நிரப்பும், மேலே இன்னொரு கட்டு போட்டு மூட வேண்டும். ஆழமில்லாமல் அகலமாக இருக்கிற புண்ணுக்கும், தோல் உரிந்த இடத்துக்கும் தகடு, அதாவது தகடாக வார்த்த ஜெல். ஜெல் தோய்த்த கோஸ் துணியும் உண்டு. டியூப் ஜெல் வைத்தால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் மாற்ற வேண்டிவரும். தகடு இன்னும் சில நாள் தாங்கும். சரியான கணக்கு பெட்டியிலே எழுதியிருக்கும்.

அப்ப எல்லாப் புண்ணுக்கும் இதையே போடலாம்தானே?

கூடாது. ஜெல்லில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. அதனால் அது காய்ந்த புண்ணுக்கு நீர் கொடுப்பதில் கெட்டி, நிறைய நீர் வடிகிற புண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவதில் மட்டம். மேலே மஞ்சளாகவோ கறுப்பாகவோ காய்ந்த செத்த சதை ஒட்டிக் கிடக்கும் புண், தோல் உரிந்த காயம், கோஸ் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது உயிர் போகிற புண், இவற்றுக்கு நல்லது. வடிகிற புண்ணில் வைத்தால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும். துடைத்தாலே உரிகிற பதத்துக்கு வந்து, புண் பெரிதாகும்.

இரத்த ஓட்டம் நின்று, காய்ந்து, கறுத்துப்போன விரலில் இதை வைக்கவே கூடாது. அந்த இடம் காய்ந்திருப்பதுதான் கிருமியைத் தள்ளி வைத்திருக்கிறது. ஆழமான தீப்புண்ணும், சீழ் வைத்த புண்ணும் வீட்டில் தீர்மானிக்கிற விஷயங்கள் அல்ல.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். உள்ளங்காலில புண். இதைப் போட்டா காலை எடுக்காமல் தப்பலாமா?

நேர்மையாகச் சொன்னால், ஜெல் மட்டும் எந்தக் காலையும் காப்பாற்றாது. சீனிப் புண் ஆறாமல் இருப்பதற்கு உலர்ந்திருப்பது ஒரு சின்னக் காரணம். நரம்பு மரத்துப்போனதால் நோவு தெரியாமல் அதே இடத்தில் மிதித்து மிதித்து நடப்பது, காலுக்கு இரத்தம் போதாமல் இருப்பது, சீனி கட்டுக்குள் இல்லாதது, உள்ளே கிருமி இருப்பது, இவைதான் பெரிய காரணங்கள். ஆகவே புண்மீது பாரம் படாமல் செருப்பையோ கட்டையோ மாற்றுவது, இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது, செத்த சதையை வெட்டி எடுப்பது எல்லாம் முதலில். சாதாரணக் கட்டை விட ஹைட்ரோஜெல் சீனிப் புண்ணை ஆற்றுவதில் மேல் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை சிறியவை, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறிய பிறகு கோணேசர் கோயில் வீதியின் கல்லிலும், உப்புவெளி மணலிலும் வெறுங்காலோடு நடந்து, வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கொப்புளம் தெரிகிறது என்பவர்கள் பலர். சீனி உள்ளவர்கள் கோயிலுக்குக் காலை வெயிலுக்கு முன்பே போய் வரலாம். சாமி கோபிக்க மாட்டார்.

கொதிதண்ணி கையில ஊத்துப்பட்டுட்டு. உடனே ஜெல்தானே?

முதலில் குழாய்த் தண்ணீர். ஓடுகிற குளிர்ந்த நீரில் 20 நிமிடம். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, முட்டை, ஐஸ் எதுவும் வேண்டாம். தீக்காயத்துக்கென்று விற்கும் ஜெல் கட்டு தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு, படகுக்கும் வாகனத்துக்கும் பொருத்தம். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பரப்பில் சுட்டிருந்தால் உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கட்டைப் பிரிச்சா மஞ்சளா, சளி மாதிரி வருது. சீழ் பிடிச்சிட்டோ?

பெரும்பாலும் இல்லை. ஜெல், புண்ணில் ஊறிய நீர், கரைந்து இளகிய செத்த சதை மூன்றும் கலந்தால் அப்படித்தான் இருக்கும். இளக்கி எடுப்பதற்குத்தான் அதை வைத்தோம். சேலைனால் (கிருமி நீக்கிய உப்புநீரால்) கழுவிவிட்டுப் பாருங்கள். கழுவிய பிறகும் நாற்றம், சுற்றிச் சிவந்து சூடாக இருப்பது, நோவு கூடுவது, காய்ச்சல், சிவப்புக் கோடு மேலே ஏறுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். சீனி உள்ளவர்களுக்கு நோவு தெரியாமலே கிருமி பரவும் என்பதை மறக்க வேண்டாம்.

கட்டுப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகலாமா? தொழில் அதுதானே.

வேண்டாம். எந்த ஜெல் கட்டும் கடல்நீரை மறிக்காது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைப் பக்டீரியாக்கள் உண்டு. ஈரல் வருத்தமோ சீனியோ உள்ளவர்களுக்குச் சின்னப் புண் வழியாகவே அவை உயிராபத்தான தொற்றைக் கொடுக்கலாம்.

எங்கட வெக்கைக்கு இது தாங்குமா? பிரிட்ஜில வைக்கட்டா?

மூடிய பொதியில் தாங்கும். பல பெட்டிகளில் 25 அல்லது 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். வைகாசியில் தகரக்கூரைக்குக் கீழே உள்ள அலுமாரி அந்தக் கணக்குக்குள் வராது. வீட்டின் குளிர்ந்த அறையில் தரைக்குக் கிட்ட வையுங்கள். பெட்டியில் தடை இல்லையென்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டு பரவாயில்லை. ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது. உள்ளே ஐஸ் கட்டினால் வலை கிழிந்து, உருகும்போது தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும்.

திறந்த பிறகு வருகிற சிக்கல் வேறு. ஆனி ஆடியில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது ஆய்வுகூட மேசையில் ஒரு தகட்டைத் திறந்து விட்டால், மத்தியானச் சாப்பாடு முடிந்து வருவதற்குள் ஓரங்கள் மெலிந்து, பளபளத்து, மேலே சுருண்டுவிடும். பின்னேரம் எடுத்தால் ஓரம் முறிகிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. புண்மேலும் இதே கதைதான். நீர் கொடுக்க வைத்த ஜெல் காய்ந்துபோய்ப் புண்ணின் ஈரத்தையே இழுக்கத் தொடங்கும். அதனால் கச்சான் காலத்தில் மேலே நீராவியை எளிதில் விடாத மெல்லிய படலம் உள்ள தகடு நல்லது. மார்கழி மழையில் அதே படலம் ஈரத்தைத் தேக்கி, நான்காவது கேள்வியில் சொன்ன வெளுப்பைக் கொண்டுவரும்.

கத்தாழையும் ஜெல்தானே? முத்தத்தில சும்மா கிடக்கு.

தோல் கிழியாத சின்னச் சூட்டுக்கு, வெயில் எரிவுக்குப் பூசுங்கள். திறந்த புண்ணுக்கு வேண்டாம். முற்றத்து மடலில் மண்ணின் கிருமியும் இருக்கும். தோலுக்குக் கீழே உள்ள மஞ்சள் பாலும் எரிச்சல் தரும்.

பாசி எங்கட கரையிலேயே கிடக்குது. அதை விட்டுட்டு ஏன் வெளிநாட்டு ஜெல்லுக்குக் காசு குடுக்கிறம்?

எனக்குப் பிடித்த கேள்வி. கொட்டியாரக் குடாப் பக்கமும் தம்பலகாமக் களப்பிலும் கிடைக்கிற கஞ்சிப்பாசி, கிரசிலாரியா இனம். அதிலிருந்து அகார், அதாவது மேலே சொன்ன கடற்பாசித் துண்டை உறையவைக்கும் பொருள், எடுக்கலாம். வெளியூர்ப் புத்தகங்களில் இதற்குச் "சிலோன் மொஸ்" என்றே பெயர். காற்று மாறும்போது கரையில் ஒதுங்குகிற கபிலநிறச் சர்காசம் பாசியில் அல்ஜினேற்று என்ற இன்னொரு ஜெல்பொருள் இருக்கிறது. இரண்டுமே உலகம் முழுக்கப் புண்கட்டு செய்கிறவர்கள் தொடுகிற பொருட்கள். ஆகவே மூலப்பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் பாசிக்கும் புண்ணுக்கும் நடுவில் இருக்கிறது. கிரசிலாரியாவைக் காரக் கரைசலில் (சோடியம் ஐதரொட்சைட்டு போன்றது) ஊறவைத்துக் கொதிக்க வைக்காமல் எடுத்த அகார் உறுதியில்லாமல் நொறுங்கும். பருவத்துக்குப் பருவம், குடாவுக்குக் குடா அதன் இயல்பு மாறும். பாசி தான் வளர்ந்த நீரில் உள்ள பார உலோகங்களை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அள்ளியதும் குச்சவெளியில் அள்ளியதும் ஒன்றல்ல. சாப்பாட்டுக்குச் சரியான தூய்மை வேறு, திறந்த சதையில் வைப்பதற்கு வேண்டிய தூய்மை வேறு. அந்தத் தூய்மையாக்கலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். இங்கே செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் வேண்டியது புது ஜெல் அல்ல, ஒரே தரத்தில் பாசியைச் சுத்திகரித்துத் தருகிற ஒரு சின்னத் தொழிற்சாலை என்பது என் அபிப்பிராயம்.

குழப்பம் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. கடையில் "அல்ஜினேற்று" என்று காய்ந்த பஞ்சுபோல் வருவது ஹைட்ரோஜெல் கட்டுக்கு நேர் எதிர் வேலைக்கு. அது நீர் வடிகிற புண்ணில் நீரைக் குடித்து, அங்கேயே ஜெல்லாக மாறும். காய்ந்த புண்ணில் வைத்தால் ஒட்டிப் பிடித்துவிடும்.

அப்ப இறால் கோது, நண்டுக் கோது?

கோதில் உள்ள கைற்றினைச் செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கினால் கைற்றோசன் வரும். அதன் நேரேற்றம் இரத்தத்தை உறையவைக்க உதவும். அமெரிக்காவில் கைற்றோசன் இரத்தத்தடுப்புக் கட்டு 2002இல் அனுமதி பெற்றது. ஆனால் வீட்டில் முயலாதீர்கள். அந்தக் காரம் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் கைற்றோசன் கட்டு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை கோதில் இருந்து வருவதை விடச் சதையின் புரதத்தால் வருவதே அதிகம். ஆனாலும் எவ்வளவு சுத்தமாகப் பிரித்தார்கள் என்று யார் கண்டது?

நான் ஏ.எல் படிக்கிறன். ஸ்கூல் லாப்பில ஒரு ஜெல் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. நூற்றுக்கு இரண்டு பங்கு சோடியம் அல்ஜினேற்றுக் கரைசல், இன்னொரு முகவையில் கல்சியம் குளோரைட்டுக் கரைசல். முதலாவதை ஊசியில்லாத சிறிஞ்சால் இரண்டாவதற்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டு நீரைத் தொட்டதும் வெளிப்புறம் உறைந்து உருண்டையாக இறங்கும். உடனே ஒன்றை எடுத்து நசித்தால் உள்ளே இன்னும் திரவம். கொஞ்சநேரம் விட்டு எடுத்தால் முழுதும் இறுகியிருக்கும். கல்சியம் உள்ளே நடந்து போக எடுக்கிற நேரத்தை விரலால் உணரலாம். அப்புறம் அந்த உருண்டைகளைச் சேலைனில் போட்டு மறுநாள் பாருங்கள். சோடியம் கல்சியத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பதால் வீங்கி மென்மையாகியிருக்கும். புண்ணின் நீரிலும் இதுதான் நடக்கிறது.

பொலிவைனைல் அற்ககோல் என்ற, நீரில் கரையும் செயற்கைப் பல்பகுதியம் கிடைத்தால், 10 சதவீதக் கரைசலைச் சூட்டில் கரைத்து, ஐஸ் பெட்டியில் உறைய வைத்து, வெளியே எடுத்து உருக விட்டு, சில தடவை திரும்பச் செய்யுங்கள். எந்த இரசாயன முடிச்சும் போடாமல் வெள்ளை இறப்பர் மாதிரி ஒரு ஜெல் வரும். ஐஸ் ஜெல்லைக் கெடுக்கும் என்று மேலே சொன்னேன், இங்கே அதே ஐஸ் சங்கிலிகளை நெருக்கித் தள்ளிச் சின்னப் பளிங்குகளாக இறுக்குகிறது. இரண்டும் உண்மை.

செய்தது நல்ல ஜெல்லா எண்டு எப்படிப் பார்க்கிறது?

காய்ந்த எடை, ஊறிய எடை, இரண்டின் வித்தியாசத்தைக் காய்ந்த எடையால் வகுத்தால் வீக்க விகிதம். பல மாணவர்கள் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துப் பெரிய எண்ணைக் காட்டுவார்கள். அது ஏமாற்று எண். குழந்தை டயப்பரில் உள்ள தூள் அந்த நீரில் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு குடிக்கும், உப்பு நீரில் அதில் ஒரு சிறு பங்குதான். உடம்பில் இருப்பது உப்புநீர், அதனால் சேலைனில் ஊறவையுங்கள்.

அடுத்தது ஜெல் வழியே வெளியேறும் நீராவி. ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 2000 முதல் 2500 கிராம் வெளியேறினால் புண்ணுக்கு ஏற்றது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது அறையின் ஈரப்பதனைப் பொறுத்தது, கச்சானில் அளந்ததையும் மாரியில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கலங்களுக்கு நஞ்சா, தோலை எரிக்குமா, ஒவ்வாமை தருமா என்று, மருத்துவ உபகரணங்களுக்கான ஐஎஸ்ஓ 10993 தரத்தின்படி பார்ப்பதுதான் உண்மையான வாசல். வலைக்குள் போகாமல் மிஞ்சிய மூலப்பொருளும், குளுற்றரல்டிகைட்டு மாதிரி முடிச்சுப் போட விட்ட இரசாயனத்தின் எச்சமும் பெரும்பாலான ஜெல்களை இந்த வாசலிலேயே மடக்கிவிடும்.

கிருமி போக அவிச்சு எடுத்தாச் சரிதானே?

121 பாகை ஆவியில் அகார் உருகிவிடும், உறையவைத்துச் செய்த பொலிவைனைல் அற்ககோலும் உருகிவிடும். காமாக் கதிர் ஒரு வழி. கிருமி நீக்க வழக்கமான அளவு 25 கிலோகிரே (கதிரை அளக்கும் அலகு). போலந்தின் யானுஸ் ரோசியாக் குழு கெட்டித்தனமாக ஒன்று செய்தது: பொலிவைனைல் பிரோலிடோன், அகார் கலந்த கரைசலைப் பொதியில் அடைத்து மூடிவிட்டு, கதிரைப் பாய்ச்சி ஒரே அடியில் முடிச்சும் போட்டுக் கிருமியும் நீக்கினார்கள். இங்கே பியகமவில் இலங்கை அணுசக்தி சபையின் காமா நிலையம் இருக்கிறது, ஆகவே வசதி இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் நம் பாசிக்கு ஒரு கெட்ட செய்தி. அல்ஜினேற்று, கைற்றோசன் போன்றவற்றைக் கதிர் முடிச்சுப் போடாது, பெரும்பாலும் வெட்டும். அனுப்பும்போது கெட்டியாக இருந்த ஜெல் திரும்பி வரும்போது வழிந்து கிடக்கும்.

வெள்ளி, மஞ்சள் எல்லாம் சேர்த்தா இன்னும் நல்லம்தானே?

வெள்ளி கிருமியைக் கொல்லும், கூடினால் புதுத் தோற்கலத்தையும் கொல்லும். தொற்று இருக்கும்போது சில காலம் சரி, சுத்தமான புண்ணில் மாதக்கணக்கில் வேண்டாம். மஞ்சளின் குர்குமின் நீரில் கரையாது. நேரே கலந்தால் ஜெல்லில் பொட்டுப் பொட்டாகத் திரண்டு நிற்கும், ஒரு இடத்தில் நிறைய, பக்கத்தில் ஒன்றுமில்லை. இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவமும் பிரயோக விஞ்ஞானமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. இந்தக் கரையாமைச் சிக்கலை இரண்டு பக்கமும் சேர்ந்து பார்த்தால் நல்ல வேலை வரும்.

சூட்டுக்கு மாறுற "ஸ்மார்ட் ஜெல்" எண்டு யூடியூப்பில பார்த்தன். அது என்ன?

குளிரில் திரவமாக இருந்து உடம்புச் சூட்டில் உறைகிறது, அல்லது 32 பாகையைத் தாண்டினால் சுருங்கி நீரையும் மருந்தையும் கக்குகிறது. குளிர்நாட்டில் அறை 20, உடம்பு 37, நடுவில் நிறைய இடம். திருகோணமலையில் மின்சாரம் போன மத்தியானம் அறையே 32ஐத் தாண்டும். புண்ணுக்குப் போகுமுன் சிறிஞ்சுக்குள்ளேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும். இங்கே பாவிக்க வேண்டுமென்றால் மாறும் வெப்பநிலையை 35க்குக் கிட்ட உயர்த்தி வடிவமைக்க வேண்டும்.

உடம்புக்குள்ளயும் ஜெல் வைக்கினமாமே?

வைக்கிறார்கள்.  பிரசவ வலியைத் தூண்டும் மருந்தை மணிக்கு 0.3 மில்லிகிராம் வீதம் விடுகிற ஜெல் பட்டி உண்டு. புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது மலக்குடலைத் தள்ளி வைக்க நடுவில் செலுத்தும் ஜெல், 2015இல் அமெரிக்க அனுமதி பெற்றது. சில மாதங்களில் தானே கரைந்து போகும்.

சறுக்கல்களும் உண்டு. மார்பைப் பெரிதாக்க ஊசியால் ஏற்றிய பொலிஅக்ரிலமைட்டு ஜெல்லை, கட்டியும் தொற்றும் வந்ததால் சீனா 2006இல் தடைசெய்தது. கால் பெருவிரல் மூட்டுக்கு வைத்த பொலிவைனைல் அற்ககோல் ஜெல் 2016இல் அமெரிக்க அனுமதி பெற்று, எதிர்பார்த்ததை விட அதிகமாகப் பழுதானதால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. புண்மேல் வைத்த ஜெல் சரியில்லை என்றால் கழுவிவிடலாம். உள்ளே வைத்ததைக் கழுவ முடியாது.

நீங்க செய்த ஜெல்லில ஒரு துண்டு தாங்களன். வாப்பாட கால் புண்ணுக்கு வச்சுப் பார்ப்பம். யாருக்குத் தெரியப் போகுது?

தரமாட்டேன். கோபிக்க வேண்டாம். அதில் எச்சம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கிருமி போயிற்றா என்று மேலே சொன்ன சோதனைகள் முடியாமல் எனக்கே தெரியாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவ உபகரணங்களும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிய வேண்டியவை. மனிதரில் பரீட்சித்துப் பார்க்க முன் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். சட்டத்தை விடுங்கள், புண் மோசமானால் ஆஸ்பத்திரியில் உள்ளவர்களுக்கு அதில் என்ன பட்டது என்றே தெரியாமல் போகும்.

விலைதான் கஷ்டம் என்றால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சேலைனால் கழுவி, பரபின் தோய்த்த கோஸ் வைத்து, காயாமல் மூடிக் கட்டினாலே பல புண்கள் ஆறும், அது மலிவு. போகும்போது இதுவரை என்னென்ன பூசினீர்கள் என்பதை, பச்சிலை உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.